ஈர மூட்டை

எழுபத்தாறாம் வருஷம். எல்லைக்கு அந்தப் பக்கம் காரைக்காலில் கடை கடையாகச் சாராயம். இந்தப் பக்கம் மதுவிலக்கு. நடுவில் ஒரு மூங்கில் தடுப்பு, கீற்றுக் கொட்டகை, மூன்று கான்ஸ்டபிள்கள். அவர்களைக் கட்டி மேய்க்க சப்-இன்ஸ்பெக்டர் சோமசேகரன். குடிக்கிறவன் குடித்துக்கொண்டுதான் இருந்தான். சோமசேகரனுக்கு முதுகுவலிதான் மிச்சம்.

சனிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், திருநள்ளாறு போய்த் திரும்பும் கூட்டம். நளன் குளத்தில் முழுகியவர்கள் கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டுவிடுவார்கள். எடுத்து வந்தால் சனியும் கூடவே வரும். அப்படியானால் ஈர மூட்டையோடு வருகிறவர் முழுகப் போனவரே அல்ல, கசிவு தெரியாதிருக்கச் சுற்றிய ஈரத் துணிக்குள் இருப்பது சாராயம் நிரப்பிய சைக்கிள் டியூப் என்று கண்டுபிடித்தவர் சோமசேகரன்தான். சிலர் மாட்டவும் செய்தார்கள். அதிலிருந்து ஈர மூட்டையைக் கண்டால் இறக்கு என்பது செக்போஸ்ட்டின் சட்டம்.

அன்று பேரளம் பஸ்ஸிலிருந்து கான்ஸ்டபிள் இளையபெருமாள் காசியம்மா என்ற பெண்ணை இறக்கினான்.

"வெறும் துணிதாங்க," என்றாள்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." பிடுங்கி உதறினான். ஒரு நூல் புடவை விழுந்தது. வேறொன்றும் இல்லை.

பஸ்ஸுக்குள் கூச்சல் கிளம்பியது. "அடிப்பாவி, குளத்துத் துணியவா எடுத்தாந்தே? அவளை ஏத்தாதீங்க!"

கண்டக்டர் முகைதீன் பிச்சை சோமசேகரனிடம் வந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க சார். ஜனங்க விடமாட்டேங்கறாங்களே." பஸ் போய்விட்டது.

"விட்டுட்டு வரவேண்டியதுதானேம்மா?" என்றார் சோமசேகரன்.

"இருக்கறதே ரெண்டுங்க. அப்புறம் எதைக் கட்டிக்கிட்டு நடவுக்குப் போறது? அடுத்த பஸ்ல எங்க ஊரு ஜனம் வருது. ஈரத்தோட பாத்தாங்கன்னா எந்த வயல்லயும் இறங்க விடமாட்டாங்க."

சோமசேகரனுக்கு வெட்கமாக இருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தின் மேலேயே எரிச்சல் வந்தது.

"இளையபெருமாள், அதைத் தடுப்புல காயப் போடு."

அவன் பின்வாங்கினான். "மன்னிச்சுக்குங்க சார். வீட்டுல சம்சாரம் முழுகாம இருக்கா." மற்ற இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

மெமோ கொடுக்கலாம். அதை எழுதவும் அலுப்பாக இருந்தது. அவரே புடவையைப் பிழிந்து மூங்கிலில் விரித்தார். அதன்பிறகு அந்த மூங்கிலை ஒருவரும் தொடவில்லை. வந்த லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் அவரே தூக்கி, அவரே இறக்கினார். வண்டிக்காரர்கள் பதறிப்போய்க் கும்பிட்டார்கள்.

"சனி உங்களைப் புடிச்சுக்கப் போறாரு ஐயா," என்றாள் காசியம்மா.

"இந்த உத்தியோகத்துல சேர்ந்த அன்னைக்கே புடிச்சுட்டாரும்மா."

ஆனி வெயில் கைவிடவில்லை. அடுத்த பஸ் வந்தபோது புடவை மொடமொடவென்று மடிந்து அவள் கக்கத்தில் இருந்தது.

"காசியம்மா, இங்க என்ன பண்றே?" ஜன்னலிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"சும்மா விசாரிச்சோம்," என்றார் சோமசேகரன். "ஏறும்மா."

அவள் ஏறி உட்கார்ந்தாள். பின் சீட்டைச் சோதித்துவிட்டு இளையபெருமாள் இறங்கி வந்தான். "சார், கிழவர் ஒருத்தர். மடியில ஈர மூட்டை. இறக்கட்டுமா?"

உள்ளே இருப்பது டியூபா, வேட்டியா? பிரித்தால்தான் தெரியும். ஜன்னலில் காசியம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டாம். போகட்டும். தடுப்பைத் தூக்கு."

இளையபெருமாள் மூங்கிலைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், நகரவில்லை.

சோமசேகரன் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு போய்த் தூக்கினார்.