மன்னிப்பு செல்லாத ஊர்

காலை ஐந்தரை மணிக்கெல்லாம் சந்தையில் பாசிலிசாவின் அரிசி அப்பக் கூடையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும். பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமார் தீவின் அந்தக் கடலோர ஊரில் படகுக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூட ஆசிரியர்களும் அவளுடைய அப்பத்தைச் சுடச்சுடத் தின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். அன்று அவள் வாழையிலையைக் கிழித்து அப்பம் கட்டிக்கொண்டிருந்தபோது மீன்காரி ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, எலிசியோ வந்துட்டான். ஜீப்னி வண்டியில இருந்து இறங்கினதை என் கண்ணால பாத்தேன்."

பாசிலிசாவின் கை அப்படியே நின்றது. பதினாறு வருடங்களுக்கு முன் ஊர்த் திருவிழாவில், வாடகைக்கு எடுத்த கரோக்கே பாட்டுப் பெட்டியில் அடுத்து யார் பாடுவது என்று ஒரு சண்டை வந்தது. கள் வெறியில் இருந்த எலிசியோ அவளுடைய ஒரே மகன் ஆர்னெலைக் குத்திக் கொன்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, ஆர்னெலுக்குப் பத்தொன்பது. எலிசியோ சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரக்கூடாது என்றுதான் அவள் இத்தனை வருடமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அவனே அவள் வாசலில் வந்து நின்றான். முன்மண்டை வழுக்கையாகி, மேல்வரிசைப் பல் நாலைந்து போய், முப்பத்தெட்டு வயதிலேயே கிழவனைப் போல் இருந்தான்.

"எதுக்குடா வந்தே? மன்னிப்புக் கேக்கவா?"

"அதைக் கேக்க எனக்கு வாயில்லம்மா. ஆர்னெல் கல்லறை எங்கன்னு சொன்னீங்கன்னா போதும். யாரைக் கேட்டாலும் சொல்ல மாட்டேங்குறாங்க."

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஏன் ஊற்றவில்லை, ஏன் செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள் என்று பின்னால் எத்தனை யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. கல்லறையில் அவன் முழங்காலில் நின்று இரண்டு மணி நேரம் புல் பிடுங்கினான். திரும்பி வந்ததும் ஒரு தட்டில் சோறும் கருவாடும் வைத்து, "தின்னுட்டுப் போ" என்றாள்.

அவனுக்குப் போக்கிடம் ஏது? தாய் அவன் சிறையிலிருந்தபோதே செத்துப்போயிருந்தாள். படகுக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். மறுநாள் விடியுமுன் வந்து, தோள்வலியோடு பாசிலிசா திணறிக்கொண்டிருந்த மாவுக்கல்லைத் தான் சுற்றத் தொடங்கினான். அவள் தடுக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து வந்து திரும்பிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பாதர் கனுதோவிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு அவன் பூசைக்கு வந்தான். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அதிலிருந்த ஐந்து பேரும் எழுந்து முன்னால் போய்விட்டார்கள். ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவன் நீட்டிய கையை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே வைத்திருந்துவிட்டு, மெல்ல மடக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் தெயோடோரா வந்தாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சிற்றாலயத்தில் தினமும் மூன்று மணிக்கு இறை இரக்க ஜெபம் சொல்லும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. கெட்டவள் அல்ல. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள்.

"பாசிலிசா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பெத்த பிள்ளையைக் கொன்னவனுக்குச் சோறு போடுறியே!"

"பாதரே பாவமன்னிப்புக் கொடுத்துட்டாரு."

"அது அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. ஊருக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. எனக்கு வயசுக்கு வந்த பேத்திங்க ரெண்டு பேர் இருக்காங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீயா வந்து பதில் சொல்லுவே?"

மறுநாளிலிருந்து அப்பக் கூடையைச் சுற்றிக் கூட்டம் குறைந்தது. "கத்தி பிடிச்ச கை அரைச்ச மாவு" என்று யாரோ சொல்லிவிட, அந்தப் பேச்சு சந்தை முழுக்கப் பரவியது. ஒரு மாதத்தில் பாதி அப்பம் பன்றிக்குப் போயிற்று. புனித வெள்ளி ஊர்வலத்தில் மாதா சுரூபத்தோடு நடக்கும் பெண்களின் பட்டியலிலிருந்து இருபது வருடப் பழக்கமுள்ள பாசிலிசாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். பாதரிடம் போய் முறையிட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஜனங்க மனசு மாறக் கொஞ்ச நாள் ஆகும்மா. அதுவரைக்கும் அவனைக் காலைப் பூசைக்கு வர வேண்டாம்னு சொல்லு, சாயங்காலம் கூட்டம் இருக்காது" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கூடை, மூடிய துணியைக்கூட யாரும் விலக்காமல், அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. எலிசியோ ஓடிவந்து கூடையை இறக்கினான். வெயிலும் அவமானமும் சேர்ந்து பாசிலிசாவின் தலைக்கேறியிருந்தன.

"நீ இந்த ஊருக்குத் திரும்பி வராமலே இருந்திருக்கலாம்."

அவன் தலையாட்டினான். மாவுக்கல்லைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தான். மறுநாள் காலை அவன் வரவில்லை. படகுக் கொட்டகையிலும் இல்லை.

ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் பஸ் ஏறி, அவன் பதினாறு வருடம் இருந்த நகரத்துச் சிறைக்குப் போனாள். அவன் வேறெங்கும் போயிருப்பான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வாயிற்காவலர் பெயரைக் கேட்டதுமே சிரித்துவிட்டார்.

"அவனா? ரெண்டு நாளா இந்த வாசல்லயே உக்காந்துக்கிட்டு உள்ள விடுங்க, உள்ள விடுங்கன்னான். குத்தம் பண்ணாதவனை எப்படிய்யா உள்ள விடுறதுன்னு துரத்தினேன். எழுந்து போனவன் ஒரு கல்லை எடுத்துட்டு வந்து என் அறைக் கண்ணாடியை ஒடச்சுட்டு, இப்ப விடுவீங்களான்னு கேக்குறான். பக்கத்துக் கட்டடத்துல விசாரணைக் கைதியா இருக்கான்."

கம்பிக்கு அப்பால் வந்து உட்கார்ந்த எலிசியோ அவளைப் பார்த்ததும் பதறினான்.

"நீங்க ஏம்மா இவ்ளோ தூரம் வந்தீங்க? அப்பம் விக்குதா இப்போ?"

"கண்ணாடிக் காசை நான் கட்டிடறேன், வந்துடுடா. நான் வெயில்ல ஏதோ சொல்லிட்டேன். உன்னை மன்னிச்சுட்டேன், எலிசியோ. எப்பவோ மன்னிச்சுட்டேன்."

எலிசியோ கையெடுத்துக் கும்பிட்டான்.

"இது போதும்மா. ஆனா நான் வரலை. இங்க சோறு திங்கிறப்போ என் பக்கத்துல ஆள் உக்காருறாங்க."



ஊர் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சிற்றாலயத்துக்குப் போனாள். பெண்கள் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வா, பாசிலிசா" என்று தெயோடோரா நகர்ந்து இடம்விட்டாள். "அவன் போயிட்டானாமே. உன் பேரைப் பட்டியல்ல மறுபடி சேத்துக்கலாம்."

பாசிலிசா உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். கண்ணாடி உடைத்ததைக் கேட்டு ஒருத்தி சிரிக்கப் போய், நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"என்ன இருந்தாலும் அவன் பண்ணினது கொலைதானே?" என்றாள் தெயோடோரா.

"ஆமா, கொலைதான். செத்தது என் பிள்ளை, உங்க யாரு பிள்ளையும் இல்ல. நானே சோறு போட்டேன், உங்களுக்கு ஜீரணமாகலை. கோர்ட்டு அவனைப் பதினாறு வருஷத்தோட விட்டுடுச்சு. அவன் முழங்கால் போட்ட அன்னைக்கே ஆண்டவர் விட்டுட்டாரு. நாமதான் விடலை. நானும் விடலை, அதனாலதான் 'திரும்பி வராமலே இருந்திருக்கலாம்'னு என் வாயில வந்துச்சு."

ஒருத்தி கையிலிருந்த ஜெபமாலை தரையில் விழுந்தது. எடுக்க அவள் குனியவில்லை.

பாசிலிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். போகிற போக்கில் திரும்பிச் சொன்னாள்:

"தினமும் இரக்கம் இரக்கம்னு கேக்குறோமே, அது நமக்குக் கிடைக்கணும், அடுத்தவனுக்குக் கிடைச்சுடக் கூடாது. அப்படிக் கேக்குறதுக்குப் பேர் ஜெபமா? திருந்தி வந்தவனுக்கு ஒரு பெஞ்சில இடம் கொடுக்க முடியாத ஊர்ல, ஆண்டவர் கொடுக்குற மன்னிப்பு செல்லாத காசு மாதிரி. கொடுத்தது அவர். செல்லாம ஆக்கினது நாம."