பழுப்பேறாத துண்டு

அக்காவின் சதைத்துண்டு எங்கே பார்த்தாலும் நீலமாகவே இருந்தது. சாயக்காரி கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பின் அடியில் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தாள். ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு அந்தப் பெயர்தான். நாள் முழுக்கச் சதைத்துண்டுகளுக்குச் சாயம் ஏற்றுகிறவளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? அவள் தேடியது பழுப்பு நிறத்தை. செல்லுக்குள் உட்கார்ந்துகொண்டு 'வளர், வளர்' என்று அதிகாரம் பண்ணும் ஒரு புரதம் உண்டு. அது இருந்தால் சாயம் பழுப்பேறும். அப்படிப்பட்ட மார்புக் கட்டி என்றால், தினம் ஒரு மாத்திரை போட்டே அந்தப் புரதத்தின் வாயை அடைக்கப் பார்க்கலாம். பழுப்பு இல்லையென்றால் அந்த மாத்திரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

எத்தனையோ பேருடைய நீலத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனவள்தான். இன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தபோது வேறொன்று உறுத்தியது. அதே துண்டில் நோய் தொடாத பால்குழாய்கள் கொஞ்சம் இருந்தன. நல்ல குழாயிலும் அந்தப் புரதம் கொஞ்சம் இருக்கும்; அவற்றிலாவது பழுப்பு தெரிய வேண்டும். அவையும் நீலம். செல்களுக்கு நடுவே வெடித்தது போல ஓட்டைகள் வேறு. சரிபார்ப்பதற்காகத் தகட்டின் ஓரத்தில் வைத்த வேறு யாருடைய துண்டோ நன்றாகவே பழுப்பேறியிருந்தது. சாயத்தில் கோளாறு இல்லை. துண்டுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது.

பெரிய டாக்டரும் பார்த்தார். "இதை வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை ஊசி போட்டு சதை எடுக்கணும். இன்னைக்கு சாயங்காலமே அக்காவக் கூட்டிட்டு வந்துடு. ஊசி போடுறவர் நாளைலேர்ந்து லீவு. அவர் வர்ற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, மருந்து ஏத்த ஆரம்பிச்சிடுவாங்க."

ஊசி போட்ட இடத்திலேயே சதைத்துண்டு போட்ட புட்டியை வீட்டுக்காரர்கள் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். அக்காவுக்கு ஊசி போட்ட அன்றைக்குப் பார்த்து லேப் விடுமுறை. மாமாதான், அதாவது அக்காவின் கணவர், புட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனார். 'பத்திரமா வச்சிருங்க மாமா' என்று போனில் சொன்னவள் சாயக்காரியேதான். இப்போது ஆஸ்பத்திரி மாடிப்படி ஓரத்தில் நின்று அவருக்கே போன் போட்டாள்.

"புட்டிய எங்க வச்சிருந்தீங்க மாமா?"

"ஃப்ரீசர்ல. கெட்டுப்போயிடக் கூடாதே." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இவள் 'ஃப்ரீசர்லயா?' என்று திருப்பிக் கேட்டதும் அது வடிந்தது. "தப்பா? நான்தான் வச்சேன். அவகிட்ட சொல்லிடாதே."

உறைந்ததில்தான் செல்கள் வெடித்திருக்கின்றன. சும்மா மேசைமேல் வைத்திருந்தாலே போதும், புட்டியில் இருந்த மருந்துத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும். லேபில் தரை துடைக்கிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. அதனாலேயே, சொல்ல வேண்டும் என்று இவளுக்குத் தோன்றவில்லை. தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

இவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா சோபாவில் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்ட நாளிலிருந்து சரியான தூக்கம் இல்லை. ஒருக்களித்தால் வலி, நிமிர்ந்து படுத்தால் யோசனை. 'என்ன வேணா பண்ணுங்க, அந்த ஊசி மட்டும் இன்னொரு தடவை கிடையாது' என்று அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டிருந்தாள். இவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"லேப்ல தப்பு நடந்துபோச்சுக்கா. நான்தான் சாயத்தக் கெடுத்துட்டேன். மறுபடி எடுக்கணும். இன்னைக்கே."

அக்கா இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய் சொல்றதுக்கும் ஒரு தெறமை வேணும்டி. ஃப்ரீசர்ல வச்சதுனாலதானே?"

மாமா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவர் அலமாரி மேலதான் வச்சிருந்தார். நான்தான் கத்தினேன். மீன் வாங்கினா மட்டும் மறக்காம உள்ள வைக்கிறீங்க, என் சதைன்னா வெளிய கெடக்கணுமான்னு." அக்கா சிரிக்கப் பார்த்தாள், வலித்தது, நிறுத்திக்கொண்டாள். "காலைல நீ போன் பண்ணதுலேர்ந்து மனுஷன் ஒரு வாய் சாப்பிடல. பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டா எனக்குத் தெரியாமப் போயிடுமா?"

சண்டை போடக்கூட அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

"வாக்கா," என்றாள் இவள். "மாத்திரையோட போற நோயா இருந்தா? தெரிஞ்சுக்காமயே மருந்து ஏத்திக்கணுமா?"

"இல்லாமலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"அப்ப இந்த ஊசியும் தண்டம்."

"ஆமா." அதற்கு மேல் பொய் சொல்ல இவளால் முடியவில்லை.

அக்கா மெல்லச் சரிந்து இவள் மடியில் தலையை வைத்தாள். வலிக்காத ஒரு கோணத்தைத் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தாள். "கொஞ்சம் இரு. யோசிச்சு சொல்றேன்," என்றாள். இவள் அக்காவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். யோசிக்கிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக இழுபடத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. எவ்வளவோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

கீழே வாசலில் சொல்லி வைத்திருந்த டாக்ஸி வந்து நின்று ஹாரன் அடித்தது. இப்போது கிளம்பினால்தான் ஊசி போடும் டாக்டரைப் பிடிக்க முடியும். சாயக்காரி மாமாவைப் பார்த்தாள். நீங்க எழுப்புங்க என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் பக்கத்தில் வந்து குனிந்தார். நீட்டிய கை அக்காவின் தோளுக்குச் சற்று மேலே வந்து, தொடாமல் அப்படியே நின்றது. கீழே ஹாரன் மறுபடி அடித்தது.