மேகம் உள்ள ஊராகப் பார்த்து

அப்பா யாரையும் கேட்காமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தால் வீட்டில் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். அன்று கடையின் பின்னறையில், பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே, சுழல் நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூத்த மாப்பிள்ளை வேறு.

"காத்தாடி, உனக்கு சீட் பிடிச்சாச்சு."

காத்தாடி அவருடைய இளைய மகள். சின்ன வயதில் ஓர் இடத்தில் நிற்காததற்கு வைத்த பெயர். பிற்பாடு சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கி வந்து பெயரைக் காப்பாற்றினாள். ஆனால் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தரையும் தொடுவானமும் தெரிகிறவரைதான் பறக்கலாம். மேகத்துக்குள் நுழைந்து, வெளியே ஒன்றும் தெரியாமல், எதிரே இருக்கும் கருவிகளின் முள்ளை மட்டும் நம்பி ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்பார்கள். அவசர நோயாளிகளை ஏற்றிச் செல்லும் விமான கம்பெனி ஒன்றுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. "மேகத்தைக் கண்டா வீட்டுக்குத் திரும்புற பைலட் எங்களுக்குத் தோதுப்படாதும்மா, அந்த ரேட்டிங்கோட சீக்கிரம் வா" என்று சொல்லியிருந்தார்கள். உள்ளூரில் அந்தப் பயிற்சி கிடையாது. இருக்கும் பணத்துக்கு வெளிநாட்டுக்கு ஒரு தடவைதான் போக முடியும். பள்ளியைத் தப்பாகப் பிடித்தால் கையில் சான்றிதழ் இருக்கும். மேகத்துக்குள் போன பழக்கம் இருக்காது.

"எந்த ஸ்கூல்ப்பா?"

"பாலைவனத்துல இருக்கே, அது. மாப்பிள்ளையை விட்டு போன் போடச் சொன்னேன். வருஷம் பூரா மேகமே கிடையாதாம். தொடைச்சு வச்ச மாதிரி நீலமாம்."

அப்பா பெயின்ட் கான்ட்ராக்டர். காலையில் எழுந்ததும் வானத்தை அண்ணாந்து பார்த்துத் திட்டிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். மேகம் என்றால் ஈரச் சுவர், ஈரச் சுவர் என்றால் உரியும் பெயின்ட், சண்டைக்கு வரும் வீட்டுக்காரர். மேகமே இல்லாத ஊரைக் கண்டுபிடித்தது அவரைப் பொறுத்தவரை மகளுக்குச் செய்த சீர்.

"அப்பா, நீச்சல் கத்துக்கறதுக்கு, தண்ணியே இல்லாத குளமா பாத்து சேத்து விட்டிருக்கீங்க."

"அதுல மூழ்க மாட்டே இல்ல?" என்றார் அத்தான். அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். தவழும் குழந்தையைப் பார்த்தாலும் அவருக்கு எலும்பு முறிவுதான் ஞாபகம் வரும்.

"அங்க மேகத்துக்குப் பதிலா நீளமா முன்பக்கம் வச்ச ஒரு தொப்பி மாட்டி விடுவாங்க, அத்தான். கருவி மட்டும் தெரியும், வெளிய தெரியாது."

"அப்ப தொப்பியே மேகம்தானே?" என்றார் அப்பா.

"ஓரத்துல வெயில் கசியும்ப்பா. விமானம் சாஞ்சா அந்த நிழல் நகரும். நமக்கே தெரியாம மூளை காப்பி அடிச்சிடும். எந்திரிங்க, காட்டறேன். அத்தான், நீங்க உக்காருங்க."

"எதுக்கு?"

"விபத்துல்லாம் நடக்காது. உக்காருங்க."

அவர் கண்ணைத் துண்டால் கட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்டச் சொன்னாள். நாற்காலியை இடப்பக்கமாக, ஒரே சீராகச் சுற்றினாள். விரல் சரியாக இடப்பக்கம் காட்டியது. சற்று நேரத்தில் தளர்ந்து நடுவில் நின்றது.

"நிறுத்திட்டியா?" என்றார் அத்தான், சுற்றிக்கொண்டே.

அப்பா வாயைப் பொத்திக்கொண்டார். காத்தாடி நாற்காலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏய், ஏய்! இப்ப எதுக்கு வலப்பக்கம் சுத்தற?"

நாற்காலி அசையவே இல்லை. அத்தான் மேஜையைத் தேடிக் காற்றைப் பிடித்தார்.

அவளுக்கு இதை விளக்குவதென்றால் கொள்ளைப் பிரியம். "காதுக்குள்ள வளைஞ்ச குழாய் இருக்குப்பா. அதுக்குள்ள தண்ணி. தலை சுத்தினா குழாய் முதல்ல நகரும், தண்ணி பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் சுத்தறதுன்னு உணர்றோம். சுத்திட்டே இருந்தா தண்ணியும் வேகம் பிடிச்சு சேந்துக்கும். உடனே நின்னுட்ட மாதிரி இருக்கும். நிஜமா நிறுத்தினா குழாய் நின்னுடும், தண்ணி ஓடிட்டே இருக்கும்."

"பெயின்ட்டைக் கலக்கிட்டுக் குச்சியை எடுத்தாலும் உள்ள சுத்திட்டே இருக்குமே, அது மாதிரி."

"அதேதான்ப்பா."

"அப்ப மேகத்துக்குள்ள போனா எல்லாரும் மாப்பிள்ளை மாதிரி ஆயிடுவாங்களா?"

"எல்லாரும். காது ஒண்ணு சொல்லும், முள் ஒண்ணு சொல்லும். காதைத் தள்ளிட்டு முள்ளை நம்பணும். நிஜ மேகத்துல நாலு தடவை நடுங்கினாத்தான் அது வரும். நான் பாத்து வச்ச ஸ்கூல் வடக்க இருக்கு. அங்க வானம் நீலமா இருந்ததா யாருக்கும் ஞாபகமே இல்லையாம்."

ஜெயித்த மிதப்பில் அந்த இடத்திலேயே வடக்குப் பள்ளிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி விட்டாள். ஆங்கிலம் பிடிபடாத அப்பாவுக்காக மொழிபெயர்த்தபடியே பேசினாள். மேகம் இருக்கிறதா? ஏராளமாக. இப்போதே வந்தால் எத்தனை நாள் மேகத்துக்குள் பறக்கலாம்? மறுமுனையில் இருந்த பயிற்சியாளர் தயங்கினார். பிறகு பேசியதை அவள் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னம்மா சொல்றார்?"

"இப்ப அங்க மேகத்துக்குள்ள இருக்கற தண்ணி உறையற குளிரையும் தாண்டியிருக்காம். ஆனா உறையாமலே இருக்குமாம். இறக்கை பட்டதும் ஐஸாயிடுமாம். ஐஸ் படிஞ்சா இறக்கையோட வடிவமே கெட்டுடும், தூக்காது. சின்ன விமானத்துல அதை உதிர்க்க வழி இல்லை. கோடையில வரச் சொல்றார்."

"கம்பெனி கோடை வரைக்கும் காத்திருக்குமா?"

"காத்திருக்காது."

"அப்ப இப்ப இருக்கற பசங்க என்ன பண்றாங்களாம்?"

"டேபிள் டென்னிஸ்."

"அதுலயும் ரேட்டிங் உண்டாமா?" என்றார் அத்தான், துண்டை அவிழ்த்தபடி.

அவளுக்குக் காதெல்லாம் சூடானது. வெயிலைத் தேடியவரைக் கிண்டல் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மேகத்தைத் தேடியிருக்கிறாள். மேகம் வேண்டும், ஆனால் குளிர்ந்து இறுகாத மேகம். இடியோடு கொதிக்காத மேகமும்கூட.

அவளுடைய நாட்டில் செல்லுபடியாகும் சான்றிதழ் தரும் பள்ளி இன்னும் ஒன்றுதான் பாக்கி. கடலோர ஊர். அதன் இணையப் பக்கத்தில் விமானத்தைவிட ஒரு நாய்தான் பெரிதாகத் தெரிந்ததால் முதல் நாளே ஒதுக்கியிருந்தாள். இப்போது அதற்கு போன் போட்டாள்.

எடுத்தவர் பயிற்சியாளரேதான். கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டார். காலையில் கடலிலிருந்து தாழ்வாக மேகம் ஏறி ஊரையே மூடிவிடும், மத்தியானம்தான் விலகும், இதைச் சொன்னதும் பலர் போனை வைத்துவிடுகிறார்கள் என்றார்.

"உறையுமா?" என்றாள்.

உறையாது, ஒரு ஸ்வெட்டர் போதும். மேலே ஏறினால் நல்ல வெயில். இறங்க வேண்டுமானால் மேகத்தைத் துளைத்துத்தான் ஆக வேண்டும்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கு அவள் முகமே போதுமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"என் பொண்ணை உள்ள கூட்டிட்டுப் போவீங்களான்னு கேளு."

கேட்டாள். "தினமும்கிறார்."

"திருப்பி வெளிய கூட்டிட்டு வருவீங்களான்னு கேளு."

கேட்டாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "மாட்டாராம்ப்பா."

"என்னது?"

"கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பாராம். நான்தான் அவரை வெளிய கூட்டிட்டு வரணுமாம்."



"பாவம்மா அந்த மனுஷன்," என்றார் அப்பா. "சரி, வர்றேன்னு சொல்லிடு."