பிளந்துபோன ரப்பர் புஷ்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நிதானம், நடுநிலை என்று யாரும் என்னிடம் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தேன். நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு காலையில், குளியலறை வாசலில் ஊன்றுகோல் வழுக்கி விழுந்தேன். தைத்த இடத்திலேயே அடி. மறுபடி கத்தி, மறுபடி படுக்கை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றையே கேட்டார்கள்: "பார்த்து நடக்கக் கூடாதா?" பார்த்துத்தான் நடந்தேன். ஊன்றுகோலின் அடியைத்தான் பார்க்கவில்லை.

படுத்தபடியே அதைக் கொண்டுவரச் சொல்லித் திருப்பினேன். தரையில் வழுக்காமல் இருக்கக் கீழே ஒரு ரப்பர் புஷ் மாட்டியிருப்பார்கள் இல்லையா, அது பிளந்திருந்தது. கழற்றி, பழம் நறுக்கும் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். ரப்பர் ஒரே சீராக இல்லை. கறுப்புக்குள் கறுப்பாகப் பருக்கைகள். விரலால் தேய்த்தால் சில உதிர்ந்தன. பிளவு அந்தப் பருக்கைகளைச் சுற்றிச் சுற்றியே ஓடியிருந்தது.

அந்தத் துண்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. எழுத எழுத அதைத் தொட்டுக்கொள்கிறேன். கோபம் ஆறிவிடக் கூடாது.

2

எங்கிருந்து தொடங்குவது?

"உருளைகள் சுழன்றுகொண்டிருந்தன. வெளியே மழை—"

வேண்டாம். ரப்பர் தொழிற்சாலைக்குள் இருப்பவர்களுக்கு வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. நான் மழையைக் கூப்பிட்டது இடத்தை அடைக்க.

"யோசித்துப் பார்த்தால் மனிதர்கள் எல்லோருமே ஒரு வகையில் கலவைகள்தா—"

சீ.

இதற்கு முந்தைய வரைவைப் படித்த பத்திரிகை ஆசிரியர் நல்ல மனிதர். "ரப்பரைக் கொஞ்சம் குறைச்சுட்டு குடும்பத்தைக் கூட்டுங்க. ரப்பர் ஒரு உருவகமா நிக்கட்டும்" என்றார். நிற்காது ஐயா. ரப்பர் நின்றிருந்தால் நான் விழுந்திருக்க மாட்டேன். இது ரப்பரைப் பற்றிய கதை. பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் கவிதைக்குப் போகலாம், நான் தடுக்கவில்லை.

மூன்றாவது தொடக்கம்: "விடுப்பு முடிந்து கலவைக் கூடத்துக்குள் நுழைந்த தங்கைக்கு, வாசனை மாறியிருப்பது வாசலிலேயே தெரிந்தது."

சரி. இது போகட்டும்.

3

விடுப்பு முடிந்து கலவைக் கூடத்துக்குள் நுழைந்த தங்கைக்கு, வாசனை மாறியிருப்பது வாசலிலேயே தெரிந்தது. எரிந்த டயரின் காரல். மகளுக்குக் காய்ச்சல் என்று சில நாட்கள் வீட்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள், அதற்குள் கூடத்தின் மூச்சே வேறாகிவிட்டது.

தொழிற்சாலை அவளுடைய அண்ணனுடையது. ஊன்றுகோல், கைத்தடி, வாக்கர் என்கிற நடைச் சட்டம் எல்லாவற்றுக்கும் அடியில் மாட்டும் ரப்பர் புஷ் செய்கிறார்கள். பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குப் போகும். தங்கை ரப்பர் தொழில்நுட்பம் படித்தவள். எதை எவ்வளவு கலப்பது என்பது அவள் பொறுப்பு. அப்பா இறந்த பிறகு அவளைப் படிக்க வைத்தது அண்ணன்தான். அந்த ஒரு காரணத்துக்காக இன்றுவரை அவன் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. அவனோ தொழிலாளர்கள் முன்னாலும் அவளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவான். பட்டம் வாங்கி, கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் பெற்றாகிவிட்டது, இன்னும் பாப்பா.

இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவில் ரப்பர் மாவுபோலப் பிசைபட்டு, கறுப்புப் போர்வையாக முன் உருளையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை அறுத்து மடித்துத் திரும்ப ஊட்டுகிறவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. தங்கை கத்தியை வாங்கிப் போர்வையில் ஒரு துண்டு அறுத்து வெளிச்சத்தில் இழுத்தாள். பருக்கைகள்.

பழைய டயரை அரைத்த தூளை இங்கே கொண்டுவந்தவளே அவள்தான் என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.*

* ஏனென்றால், "ஓகோ, மறுசுழற்சி ரப்பர் மோசம்" என்று முடிவு கட்டிக்கொண்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். மோசமில்லை. மாவு போலச் சலித்த தூளை, அளவாகப் போட்டு, நன்றாகப் பிசைந்தால் புஷ் ஒழுங்காக உழைக்கும். டயர் மலையும் கொஞ்சம் குறையும். ஆனால் அது ஏற்கெனவே கந்தகத்தோடு சூட்டில் வெந்து இறுகிய ரப்பர். மறுபடி எத்தனை வேக வைத்தாலும் பக்கத்து ரப்பரோடு முழுசாகச் சேராது. போதாததற்கு, புது ரப்பர் வேகுவதற்காகப் போட்ட கந்தகத்தில் ஒரு பங்கைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பருக்கை பெரிதாகவும் நிறையவும் இருந்தால் ஒவ்வொரு பருக்கையும் ஒரு பிளவுக்கு வாசல். இது தெரிந்துதான் தங்கை அளவு வைத்திருந்தாள்.

அந்த அளவு இப்போது காற்றில் பறந்திருந்தது. தூள் பல மடங்கு, அதுவும் சலிக்காத கொரகொரப்பு. இவ்வளவு தூளுக்குக் கலவை தளர்ந்துபோகுமே, எதைப் போட்டு இறுக்கினார்கள் என்று மூலையைப் பார்த்தாள். சுண்ணாம்புத் தூள் மூட்டைகள் அடுக்கியிருந்தன. கார்பன் கருப்பு மூட்டைகள் இருந்த இடத்தில்.**

** இரண்டும் ரப்பரில் கலக்கும் நிரப்பிதான், ஆனால் ஒன்றல்ல. கார்பன் கருப்பு மிக நுண்ணிய பொடி. ரப்பரைப் பற்றிக்கொண்டு அதற்கு வலுக் கொடுக்கும். சுண்ணாம்புத் தூள் இடத்தை அடைக்கும். அழுத்திப் பார்த்தால் ரப்பர் கெட்டியாகத் தெரியும், அவ்வளவுதான். கிழிபடாமல் காப்பதெல்லாம் அதனால் ஆகாது. இதை நான் புத்தகம் வாங்கிப் படித்தேன். முழங்கால் உடைந்தவனுக்கு வேறென்ன வேலை?

யார் மாற்றச் சொன்னது என்று எக்ஸ்பிரஸைக் கேட்டாள். அவர் கத்தியைத் துணியில் துடைத்தார்.

"அண்ணன்தாம்மா சொன்னாரு."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டேன். முள்ளு பச்சையில நிக்குதான்னு பாரு, நின்னா அனுப்புன்னாரு. நின்னுது. அது நீங்க ஒட்டின பச்சைதானேம்மா."

தங்கைக்குச் சுருக்கென்றது. ரப்பரின் கடினத்தை அளக்கும் கைக்கருவி ஒன்று அங்கே உண்டு. கடிகாரம் மாதிரி வட்டமாக இருக்கும். ரப்பரின் மேல் வைத்து அழுத்தினால் முள் நகரும். எண்ணைப் படித்துக் குழம்ப வேண்டாம் என்று, எந்த இடத்தில் முள் நின்றால் சரியோ அந்த இடத்தில் அவளே ஒரு பச்சை நாடாவை ஒட்டியிருந்தாள். இழுத்துப் பார்க்கும் சோதனை, கிழித்துப் பார்க்கும் சோதனை எல்லாம் நேரம் பிடிக்கும். கலவை மாறாதவரை கடினம் ஒன்றைப் பார்த்தால் போதும் என்று அவள்தான் விதி செய்தாள். கலவை மாறாதவரை. அந்த இரண்டு சொற்களை நாடாவில் எப்படி ஒட்டுவது?

முள்ளைப் பச்சையில் நிறுத்த எவ்வளவு சுண்ணாம்பு வேண்டுமோ அவ்வளவைக் கொட்டியிருக்கிறான் அண்ணன்.

4

அவள் அவனுடைய அறைக்குப் போனாள். வெந்து வந்த புஷ் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அதன் விளிம்பில் கத்தியால் சின்னதாக ஒரு கீறல் போட்டு, அவன் கண் முன்னால் மடித்தாள். கீறல் அப்படியே ஓடிப் புஷ் இரண்டாக வாய் பிளந்தது. நல்ல ரப்பராக இருந்தால் கீறல் அவ்வளவு சுலபத்தில் ஓடாது. அனுப்பியதை எல்லாம் திரும்ப வாங்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் கலவையை நிறுத்த வேண்டும் என்றாள். குரல் உயரவில்லை.

அண்ணன் பிளந்த துண்டுகளை மேசையில் பொருத்திப் பொருத்திப் பார்த்தான். டெஸ்டில் பாஸ் ஆன சரக்கை எந்தப் பைத்தியக்காரனாவது திரும்ப வாங்குவானா என்று கேட்டான். யாராவது விழுந்து வைத்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள்.

"விழறவன் ரப்பரையா பாக்கப் போறான் பாப்பா? தன் கால்தான் தடுக்குச்சுன்னு நினைப்பான். வீட்ல இருக்கறவங்களும் அவனைத்தான் திட்டுவாங்க."

(இப்படி ஒருவன் சொல்வான் என்று நான் யோசித்து எழுதவில்லை. என் வீட்டுக் கூடத்தில் கேட்டதை எடுத்து அவன் வாயில் வைத்தேன், கச்சிதமாகப் பொருந்திவிட்டது.)

4 (மறுபடி)

பத்திரிகை ஆசிரியர் இந்த இடத்தில் ஓரத்தில் எழுதியிருந்தார்: "அண்ணன் ரொம்ப வில்லனா இருக்கார். அவர் பக்கமும் ஒரு நியாயம் வேணும்."

முயன்றேன். அவனுக்கு ஒரு நோயாளி மனைவியைக் கொடுத்தேன். அடித்தேன். போட்டிக் கம்பெனி ஒன்று கழுத்தை நெரிப்பதாக எழு— அடித்தேன். சின்ன வயதில் அவன் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடிய காட்சி ஒன்றும் எழுதினேன், நன்றாகவே வந்தது. அதையும் அடித்தேன். மூட்டை மூட்டையாக எதைக் கொட்டுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அழுத்திப் பார்த்தால் அண்ணன் கெட்டியாகத் தெரிவான். என் முழங்கால் அப்படியேதான் இருக்கும்.

ஆனால் தோளில் தூக்கியது பொய்யில்லை. அதைத் தங்கைக்காகத் திரும்பச் சேர்க்கிறேன். கூடத்துக்கு நடந்து திரும்பும்போது அவளுக்கு நினைவில் வருவது அந்தத் தோள்தான். உருளைகளுக்கு மேலே, ஆபத்தென்றால் யாரும் இழுத்து நிறுத்துவதற்காக ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். அதை இழுத்தால் கலவை நிற்கும், அடுத்து அவள் மருத்துவமனைகளுக்குப் போன் செய்ய வேண்டியிருக்கும். அதோடு அண்ணன் வீட்டு வாசல் அவளுக்கு மூடிக்கொள்ளும்.

கயிற்றின் மேல் கையை வைத்தாள்.

5

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. அவள் இழுத்தாள். உருளைகள் முனகி நின்றன. ஒவ்வொரு மருத்துவமனையாகப் போன் செய்து, மாட்டாதீர்கள், மாட்டியதைக் கழற்றுங்கள் என்றாள். எழுதி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப் பார்த்தேன், முழங்கால் விடவில்லை. அவள் போன் செய்திருந்தால் நான் ஏனம்மா விழுந்தேன்? அடித்தேன்.

ஆ. அண்ணனுக்குக் கால் உடைகிறது. தன் தொழிற்சாலைப் புஷ்ஷை மாட்டிய ஊன்றுகோலோடு நடந்து அவனே வழு— வேண்டாம். உங்களில் பலர் கைதட்டியிருப்பீர்கள், தெரியும். நியாயம் அப்படி விலாசம் விசாரித்துக்கொண்டு யார் வீட்டுக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

இ. அவள் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள். பச்சை நாடாவை உரித்து எறிந்துவிட்டு, வேலையே வேண்டாம் என்று வெளியே நடந்தாள். பின்னால் உருளைகள் சுழன்றுகொண்டே இருந்தன.

இந்த முடிவு உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அதனாலேயே எனக்கு அவள் மேல் ஆத்திரம் பொங்கியது. உன் கை சுத்தமாகிவிட்டது, என் காலுக்கு என்ன பதில் என்று அவளிடமே கேட்டேன். வாசலைத் தாண்டப்போனவள் நின்று திரும்பினாள்.

"என்னை லீவுல அனுப்பினது யாரு? நீங்கதானே. எம்பொண்ணுக்குக் காய்ச்சல் வரவெச்சு, என்னை வீட்ல உக்கார வெச்சுட்டுத்தானே கலவையை மாத்துனீங்க. நான் அங்கேயே இருந்திருந்தா உங்களுக்குக் கதை ஏது?"

அண்ணனிடம் குரல் உயர்த்தாதவள் என்னிடம் உயர்த்தினாள். அந்த மட்டுக்கும் நல்லது.

6

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. இது பெருந்தன்மை இல்லை, வழியில்லாமல்தான். எந்த முடிவை எழுதினாலும் நான் விழுந்தது விழுந்ததுதான், மேசை மேல் இருக்கும் துண்டு ஒட்டிக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் ஒன்று. புஷ்ஷைத் தனித்தனியாக வார்ப்பதில்லை. ஒரே அச்சில், ஒரே அழுத்தலில், வரிசை வரிசையாக வேகும். என்னுடையதோடு சேர்ந்து வெந்தவை எங்கேயோ யாருடைய எடையையோ தாங்கிக்கொண்டு இருக்கின்றன.

தங்கையைத் திரும்பக் கூடத்துக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கை கயிற்றில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கறுப்புப் போர்வை சுற்றுகிறது. அவள் காத்திருப்பாள், அந்த அளவுக்கு அவளிடம் பேசி வைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுந்து போய், உங்கள் வீட்டுக் கதவு மூலையில் சாத்தியிருக்கும் கைத்தடியையோ ஊன்றுகோலையோ திருப்புங்கள். அப்பாவுடையதாக இருக்கலாம், அத்தையுடையதாக இருக்கலாம். கட்டை விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள், கெட்டியாகத்தான் இருக்கும். கழற்றி மடித்து, மடிப்பில் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் வந்து அவளிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காவது, அவள் கயிற்றை இழுத்த அந்த முதல் முடிவு உண்மையாக இருக்கட்டும். பருக்கை தெரிந்தால், வாய் பிளந்தால், அதை இன்றைக்கே தூக்கி எறியுங்கள். அதை ஊன்றி நடந்தவர் ஏற்கெனவே ஒரு முறை விழுந்திருந்தால், அன்றைக்கு அவரிடம் என்ன கேட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.