தோல்காரத் தெருவின் ஜன்னல்கள்

படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவின் கன்னத்துச் சோப்பு நுரையை ஒதீல் கத்தியால் வழித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து பேச்சே இல்லை. சவரம் பண்ணிவிடு என்றுகூடக் கன்னத்தைத் தேய்த்துக் காட்டித்தான் கேட்டிருந்தார்.

"என்னைத் தோல்காரத் தெரு வழியா எடுத்துட்டுப் போ."

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. "எதுக்குப்பா அந்தத் தெரு? ஆத்தோரமாப் போனா நேரா கோவில்."

"அந்தத் தெருதான். இந்தத் தடவை அவங்க சாத்தித்தான் ஆகணும்."

அம்ப்ரெல் ஊரில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சவ வண்டி போகும்போது இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஜன்னலின் வெளிப்புற மரக்கதவுகளைச் சாத்துவது அந்த ஊர் மரியாதை. வண்டி தாண்டிப் போனபிறகுதான் திறப்பார்கள். அவள் அப்பா அன்செல்முக்கு அந்த மரியாதையை ஊர் முன்கூட்டியே செய்துவிட்டது. தோல் ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில் உள்ளே வேலைக்குப் போன நாலு பேரில் அவரும் ஒருவர். கருங்காலிக்கு அங்கே மஞ்சள் என்று பெயர். அந்த நாலு மஞ்சள்களும் விடியற்காலையில் தோல்காரத் தெருவில் நடக்கும்போது, வீடு வீடாக ஜன்னல் கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொள்ளும். ஒரு வசவு கிடையாது, ஒரு கல் விழாது. நீ எங்களுக்குச் செத்துப்போனாய் என்று சொல்லக் கதவு இருக்கும்போது வாயை எதற்கு வீணாக்குவது என்று நினைக்கிற ஊர் அது.

வேலைநிறுத்தம் தோற்றது. வெளியே நின்றவர்களில் பாதிப்பேரை முதலாளி திரும்பச் சேர்க்கவில்லை. சில வருஷங்களில் ஆலையையே மூடிவிட்டு அவரும் போய்விட்டார். ஆற்றில் வீசிக்கொண்டிருந்த நாற்றம்கூட ஒருவழியாகப் போய்த் தொலைந்தது. கோபம் மட்டும் போகவில்லை. மற்ற மூன்று மஞ்சள்களும் மூட்டை கட்டியபோது அன்செல்ம் அசையவில்லை. ஒரு நாள் தன் வீட்டு ஜன்னல்களின் மரக்கதவுகளைக் கழற்றி, உடைத்து, அடுப்பில் போட்டார். சுவரில் கீல்கள் மட்டும் இன்னும் துருப்பிடித்து நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஒதீல் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. அதற்கான கோபத்தில் பாதியை ஊருக்கும் பாதியை அப்பாவுக்கும் அவள் இத்தனை காலமாகப் பங்குபோட்டுக் கொடுத்து வருகிறாள்.

ஒரு நாளும் கேட்காததை இன்றைக்குக் கேட்டுவிட்டாள். "ஏன்ப்பா உள்ள போனீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "சுண்ணாம்புக் குழியில தோல் கிடந்துச்சு. புரட்டிப் போடலைன்னா அழுகிடும்."

"அவ்வளவுதானா?"

"நல்ல கன்னுக்குட்டித் தோலு."

வீட்டில் கரி இல்லை, உங்கம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்படி ஒரு காரணத்துக்காகத்தான் அவள் சின்ன வயசிலிருந்து காத்திருந்தாள். மற்றக் கன்னத்தையும் மழித்து, ஈரத் துண்டால் துடைத்துவிட்டாள். சாயங்காலம் சூப்போடு வந்தபோது அவர் போயிருந்தார். கன்னம் வழவழவென்று இருந்தது.

அடக்கம் செய்துவைக்கும் பார்தெ சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தார். ஆற்றோரச் சாலை அகலம், வண்டி குலுங்காது என்று சுற்றி வளைத்தார். அவள் மசியவில்லை என்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"யாரும் சாத்தலைன்னா என்னம்மா பண்ணுவே?"

"சாத்துவாங்க" என்றாள் ஒதீல். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மறுநாள் ரொட்டிக்கடைக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு அறுந்தது. வரிசையில் முன்னால் நின்றவள் ரெமோந்த். தோல்காரத் தெருவின் கடைசி வீடு அவளுடையது. அவள் புருஷன் லுசியேன்தான் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். அதற்குப் பிறகு வேலை தேடி வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர் அங்கேயே செத்து, அங்கேயே புதைக்கப்பட்டார். அன்செல்மின் பெயரை ரெமோந்த் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

ஒதீல் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "நாளைக்குக் காலைல அப்பாவை எடுக்கிறோம். தோல்காரத் தெரு வழியா."

ரெமோந்த் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "தெரு எல்லாருக்கும் பொதுதானே" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போனாள்.

அடக்கத்தன்று தூறலும் காற்றுமாக இருந்தது. வண்டிக்கு முன்னால் பார்தெ தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்தார். பின்னால் ஒதீலும், அம்மா வழியில் தூரத்து உறவான ஒரு தம்பதியும். அவ்வளவுதான் கூட்டம். வண்டி தோல்காரத் தெருவுக்குள் திரும்பியபோது எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. வேறு நாளாயிருந்தால் அந்தக் குளிரில் யாரும் திறந்துவைத்திருக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. உயிரோடு இருந்தவனைப் பிணமாக நடத்தியவர்கள், பிணமானபிறகு யாரோ வழிப்போக்கனைப் போல நடத்தினார்கள்.

முதல் வீடு போனது. இரண்டாவது வீடும் போனது. மூன்றாவது வீட்டருகே ஒதீல் வண்டியை விட்டு விலகினாள். சுவரோடு கதவைப் பிடித்திருந்த இரும்புக் கொண்டியைத் தூக்கி, கதவை இழுத்துச் சாத்தினாள். அடுத்த வீட்டுக்குப் போனாள். பிறகு எதிர்ச்சாரிக்கு.

"வேணாம் ஒதீல்" என்று உறவுக்காரப் பெண் பின்னாலிருந்து கெஞ்சினாள். பார்தெ திரும்பிப் பார்க்காமலே, வண்டியை இன்னும் மெதுவாக விடும்படி ஓட்டுநருக்குச் சைகை காட்டினார்.

யாரும் தடுக்கவில்லை. யாரும் உதவவுமில்லை. வெளியிலிருந்து சாத்தலாமே தவிர, கொக்கி உள்ளே இருக்கிறது. அவள் சாத்திய கதவுகளை அவள் முதுகுக்குப் பின்னால் காற்று ஒவ்வொன்றாகத் திறந்தது. அவற்றின் முனகல் அவளுக்குக் கேட்டது. ஆனாலும் ஓடி ஓடிச் சாத்தினாள். விரல்களில் துருவும் ரத்தமும் ஒட்டியிருந்தன.

கடைசி வீட்டு ஜன்னலில் ரெமோந்த் நின்றிருந்தாள். கறுப்புச் சால்வை, கட்டிய கைகள். ஒதீல் ஒரு கதவைச் சாத்தினாள். பாதி முகம் மறைந்தது. மற்றக் கதவின் மேல் அவள் கை இருந்தபோது ரெமோந்த் பேசினாள்.

"லுசியேனுக்கு இந்தத் தெரு சாத்தல. அவரைத்தான் இங்க கொண்டுவரவே இல்லையே."

"தெரியும் மதாம்."

கன்றுக்குட்டித் தோலைப் பற்றி இவளிடம் எப்படிச் சொல்வது? வண்டி அவர்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவள் இரண்டாவது கதவையும் இழுத்துச் சாத்தி, காற்று திறந்துவிடாதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். மரம் நனைந்து சில்லென்றிருந்தது. வண்டியின் சக்கரங்கள் கல் தரையில் மெல்ல உருண்டு அவளைத் தாண்டின.

உள்ளே கொக்கி விழும் சத்தம் கேட்டது.

ஒதீல் கையை எடுத்தாள். காற்று ஒரு தடவை மோதிப் பார்த்தது. கதவு அசையவில்லை.