பிரபல

சரவணகுமாரை வெட்டிக் கொன்ற மூன்றாம் நாள், அவன் அக்கா சுவேதா திருவிடந்தையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போனாள். பையில் மடித்த செய்தித்தாள் இருந்தது. ‘பிரபல ரவுடி வெட்டிக் கொலை’ என்று தலைப்பு. பிணவறையில் கையெழுத்துப் போட்டபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை. நாவலூர் ஆபீசுக்குப் போன் செய்து லீவு சொன்னபோதும் வரவில்லை.

பத்திரிகையின் கிளை அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. நிருபர் தாமோதரன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இத நீங்கதான் எழுதினீங்களா சார்?” சுவேதா செய்தித்தாளை நீட்டினாள்.

“ஆமாம்மா. நீங்க?”

“அவன் அக்கா. பிரபலம்னா இன்னா சார்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எல்லாருக்கும் தெரிஞ்சவர்னு அர்த்தம்.”

“எங்க தெருவ தாண்டினா அவன எவனுக்கும் தெரியாது சார். ஐஸ் பொட்டி தூக்கிகினு இருந்தான். நாலு வருசத்துக்கு முன்ன படகு நிறுத்துற எடத்துல ஒரு சண்ட. அந்த ஒரே கேசுதான். அப்ப சண்ட போட்டவனுங்கதான் இப்ப வந்து வெட்டிட்டானுங்க.”

தாமோதரன் கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, “ரவுடின்னு எழுதினா முன்னாடி பிரபலன்னு கை தானா எழுதிடுதும்மா,” என்றார். “நடிகருக்கும் அதான், டாக்டருக்கும் அதான்.”

“கெட்டதுக்குன்னு தனியா ஒரு வார்த்த இல்லியா?”

“பேர்போனன்னு எழுதலாம். அதுவும் ரெண்டுக்கும் வரும்.”

“பேர் போன,” என்று சுவேதா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். “அது சரியாத்தான் கீது. போயிடிச்சில்ல.”

அவர் தலை குனிந்தார். “நாளைக்குத் திருத்தம் போட்டுடறேன்மா.”

மறுநாள் காலை ஏழாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி வந்திருந்தது. ‘திருத்தம்: நேற்று முன்தினம் வெளியான கொலைச் செய்தியில் பிரபல ரவுடி என்பதை ரவுடி எனத் திருத்தி வாசிக்கவும்.’

சுவேதா அதை இரண்டு முறை படித்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அம்மா சொர்ணத்துக்குப் படிக்கத் தெரியாது. சுவர் ஓரமாகப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“இன்னா போட்டுகிறான்?”

“தப்பா எழுதிட்டோம்னு போட்டுகிறான்மா.”

“நம்ம புள்ள பேர போட்டா?”

“ஆமா.”

சொர்ணம் கை நீட்டினாள். “கத்திரிச்சி குடு. அவன் போட்டோவுல ஒட்டி வைக்கலாம். வர்றவங்க பாக்கட்டும்.”

சுவேதா அந்த இரண்டு வரியை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கத்தரிக்கோலைத் தேடினாள்.