மூன்றாவது கோப்பு

“கழித்தல். இஃப், அடைப்புக்குறி, லாக், அடிக்கோடு, டெவ்...”

“டெவ்வுக்கு அப்புறம்?”

“ரெண்டு சமக்குறி. பூஜ்யம். அடைப்பு முடிஞ்சுது.”

“அதுக்குப் பதிலா அந்தப் பொண்ணு என்ன போட்டிருக்கா?”

அவள் அடுத்த வரிக்குப் போனாள். கழித்தல் போட்ட வரி நீக்கப்படுவது, கூட்டல் போட்ட வரி சேர்க்கப்படுவது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மற்றதெல்லாம் வாயில் நுழைந்து மண்டையில் நுழையாத சங்கதி. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தான் ஏறப்போகாத வண்டிகளின் பெயர்களை ஆயுசு முழுக்கப் பிசகில்லாமல் வாசித்த குரல். சர்க்கரை கணவரின் கண்ணைத் தின்ற பிறகு அந்தக் குரல் வீட்டில் வேலைக்கு அமர்ந்தது. படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை மருமகன் போட்டுக் கொடுத்திருந்தான். “அது கழித்தலையும் வெறும் கோட்டையும் ஒரே மாதிரி வாசிக்குது” என்று அவர் அதை ஒரே நாளில் தள்ளிவிட்டார்.

அவள் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு கணினி நிரல்; பழுதான டிஸ்க்கைத் திறந்து உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் கருவி. எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் எழுதிச் சேர்ப்பது. யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் வரிவரியாகப் பார்த்து, “பார்த்தேன்” என்று தன் பெயரைப் போட்டால்தான் உள்ளே போகும். அந்தப் பெயர் பெரும்பாலும் அவருடையது. கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் சல்லடை.

இந்த மாற்றத்தைப் பற்றி ஒருநாள் அவளுக்கே விளக்கியிருந்தார். அவள் அவருடைய கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது. டிஸ்க் எதையும் எழுதுவதற்கு முன், இன்னதை எழுதப்போகிறேன் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுமாம். பாதியில் மின்சாரம் போனால் அந்தக் குறிப்பை வைத்துத்தான் பிழைக்குமாம். சில இடங்களில் அந்தக் குறிப்பு வேறொரு தனி டிஸ்க்கில் இருக்கும். அது கருவியின் கண்ணில் படுவதில்லை. ஒரு பெண் அதைப் பார்க்கவைக்க எழுதி அனுப்பியிருக்கிறாள். ஐந்து கோப்புகள். அந்த வருடத்தில் அவர் மனைவியிடம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான்.

காலையில் வந்த நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். “பேச வேண்டியவங்க இருந்தா இன்னிக்கே பேசிடச் சொல்லுங்கம்மா.”

பேச வேண்டியவள் ஒருத்திதான். வெளியூரில் இருந்த மகள். அவளுடைய கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் எல்லோரும் பேனாவோடு காத்திருக்க, அப்பா வாசலில் நின்று போனில் யாருக்கோ பதினேழாவது வரியில் இருந்த தப்பை விளக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மகள் அப்பாவோடு பேசியதில்லை. நேற்று அம்மா கெஞ்சியதில், “அவரா கூப்பிட்டா எடுக்குறேன். நீ டயல் பண்ணிக் குடு, ஆனா அவரா பேசணும்” என்ற அளவுக்கு இறங்கி வந்திருந்தாள்.

“ஏங்க, இப்ப அவகிட்டப் பேசிடுங்களேன்.”

“இத முடிச்சிடுறேன். அந்தப் பொண்ணு ரொம்ப நாளா காத்துட்டிருக்கா.”

“நம்ம பொண்ணுந்தான் காத்துட்டிருக்கா.”

“அடுத்த வரி.”

இரண்டாவது கோப்பு முடிவதற்குள் அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. உதட்டோரம் வறண்டு வெளுத்திருந்தது. மூன்றாவது கோப்பை அவள் திரையில் கீழே தள்ளிப் பார்த்தாள். போய்க்கொண்டே இருந்தது. பாலம் முடியாத ஆறு மாதிரி. இதை வாசித்து முடிக்கும்போது கேட்க ஆளிருக்குமா என்று அவர் விலாவைப் பார்த்தாள். பிறகு நான்காவதிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். அறிவிப்பாளர் குரல், ஒரு பிசிறும் இல்லை.

“அவ்வளவுதானா?” என்றார் கடைசியில்.

“அவ்வளவுதான்.”

“எழுது. பொறுமையாகத் திருத்தி அனுப்பியதற்கு நன்றி. அருமையான வேலை. பார்த்தேன். என் பேரப் போடு.”

எழுதினாள். அருமையான வேலை. அந்த வீட்டில் சமையலுக்கோ, மகளின் மதிப்பெண்ணுக்கோ புழங்காத சொல். யாரோ ஒருத்திக்கு அவளே தட்டச்சு செய்து அனுப்பினாள்.

உடனே மகளின் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் போனை அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, காதில் எதுவும் விழக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது போன் போர்வை மேல் கிடந்தது.

“பேசினீங்களா?”

“ம்.”

“என்ன சொன்னா?”

“சரின்னா.”

மதியம் தாண்டி ஒருமுறை கண்விழித்தார். “பொண்ணு உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?”

அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அப்படியொரு கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. மகள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. “உங்க குரலக் கேட்டதே போதும்னா” என்றாள்.

அவர் அவள் இருந்த பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் போய்விட்டார்.

மறுநாள் மகள் வந்து இறங்கும்போது வீடு நிறைந்திருந்தது. செத்தவரின் அக்கா வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“கல்லுளிமங்கன், கடைசில மகளக் கூப்பிட்டுப் பேசிட்டுத்தான் கண்ண மூடியிருக்கான் பாரு. என்னடி சொன்னான்?”

மகள் பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. “நல்லா இருன்னு சொன்னார் அத்தை.”

அத்தை அழுதாள். பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அது கேட்டது. ஒரு கோப்பைத் தாண்டியதற்கு இவ்வளவு கிடைத்ததே என்று, அத்தனை துக்கத்திலும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, தாயும் மகளும் கட்டிலின் விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தார்கள்.

“வேற என்னடி சொன்னார்?”

“விடும்மா.”

“எங்கிட்ட சொல்றதுக்கென்ன?”

மகள் தன் முனையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் சேர்த்தாள். “ ‘உங்கம்மா மூணாவது ஃபைலப் படிக்காம தாண்டிட்டா. ரிங் போறப்பதான் எனக்கு இடிச்சுது. நான் கேட்டா இல்லைன்னு சாதிப்பா. நீ சொல்லு, படிப்பா.’ இவ்வளவுதான். சரின்னேன். வச்சிட்டார்.”

“வேற ஒண்ணுமே...”

“எப்படியிருக்கேன்னு கூடக் கேக்கல. ஆனா குரல் மட்டும் நல்லா தெளிவா இருந்துச்சு.”

“அத எங்கிட்ட உடனே சொல்லியிருக்கலாமேடி. படிச்சிருப்பேனே.”

“எதுக்கு? இத்தன வருஷம் கழிச்சு அப்பா கூப்பிடுறார்னு ஆபீஸ்ல மாடிக்கு ஓடிப்போய் எடுத்தேம்மா. நான் என்ன அவருக்குத் தபால்காரியா?” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “அத்தைக்காக ஒரு பொய் சொன்னேன். உனக்கும் அதையே சொல்லியிருக்கணும்.”

மடித்த விரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அம்மா நின்றாள். மேஜையில் மடிக்கணினி ஒருமுறை ஒலித்தது. பழக்க தோஷம், போய்ப் பார்த்தாள். அந்தப் பெண்தான். ‘உங்கள் பெயர் விழுந்ததே எனக்குப் பெரிய பாராட்டு. நீங்கள் பார்த்தபின் வேறு யாரும் பார்க்க வேண்டியதில்லை என்கிறார்கள். நாளை சேர்த்துவிடுவோம்.’

“அத மூடு” என்றாள் மகள். “இல்ல, தூக்கிப் போடு. அது எனக்கே சக்களத்தி மாதிரி இருந்துச்சு, உனக்கு எப்படியோ.”

அம்மா நின்றபடியே இரண்டு விரலால் தட்டினாள்: ‘பொறுக்கவும். மூன்றாவது கோப்பு பார்க்கப்படவில்லை.’ கீழே வழக்கம்போல் அவர் பெயரைப் போட்டாள். அனுப்பினாள்.

மகள் பக்கத்து அறைக்குப் போய்ப் பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள். ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. நின்றது. கட்டில் இருந்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்துகொண்டிருந்தது, நிலையத்து ஒலிபெருக்கியில் கேட்ட அதே குரல்.

“கூட்டல். ஸ்டாடிக், இன்ட், செக், அடிக்கோடு, லாக்...”

“யாருக்கும்மா படிக்கிற?”

வெறும் கட்டிலுக்குப் பக்கத்தில், தன் வழக்கமான நாற்காலியில்தான் அம்மா உட்கார்ந்திருந்தாள். அந்த வரியை முடித்துவிட்டு, அவருடைய “ம்” வருவதற்கு ஆகும் நேரத்தை விட்டாள். பிறகு அடுத்த வரியை வாசித்தாள்.